முக்கால் விரற்கடை

மோரிஸ் மைனர்.
பின்பாதி முழுக்க மரச்சட்டம்,
சட்டைக்கு வெளியே தைத்த விலா எலும்பு போல.
தகரத்தைக் கீழக்கரை உப்புக்காற்று தின்றது.
மரத்தில் கறையான்
தன் பங்கை எடுத்துக்கொண்டிருந்தது.

படகு கட்டுகிறவனுக்குக் கார் என்ன தெரியும்
என்று கமர்தீன் காக்கா கேட்கவில்லை,
அவர் மருமகன் கேட்டான்.
சீமையில் ஒரு கம்பெனி
அறுத்து, இழைத்து, பெட்டியில் போட்டு அனுப்புமாம்.
விலையையும் சொன்னான்.
அந்தக் காசுக்கு நான்
ஒரு வள்ளத்துக்கு ஏரா போட்டு வங்கு வைத்து
எஞ்சினுக்கு முன்பணமும் கட்டிவிடுவேன்.

இடப்பக்கச் சட்டம் தொட்டதும் உதிர்ந்தது,
தேத்தண்ணியில் ஊறின ரஸ்க்.
அளவெடுக்க ஒன்றும் மிச்சமில்லை.
வலப்பக்கம் முழுசாக இருந்தது.
அட்டை வைத்து வரைந்தேன்,
அட்டையைத் திருப்பிப் போட்டேன்,
வலது இடதாயிற்று.

மரம் பூவரசு.
பெரியபட்டினத்தில் ஒரு வரப்பில்
எனக்கு வேண்டிய வளைவில்
தானே சாய்ந்து நின்றது.
நேர்மரத்தில் வளைவு அறுத்தால் ரேகை அறுந்துபோகும்,
ஏர்வாடி ரோட்டின் முதல் குழியிலேயே விண்டுவிடும்.

நாலு நாள்.
பொருத்தினேன்.
மேல்முனை போய் உட்கார்ந்தது.
கீழ்முனை வெளியே நின்றது
முக்கால் விரற்கடை.

அட்டையைச் சந்தேகப்பட்டேன்.
பென்சிலை. என் மூக்குக் கண்ணாடியை.
விடிகாலையில், வெயில் தகரத்தைத் தொடுமுன்,
மறுபடி அளந்தேன்.
பிறகு நூல் பிடித்தேன்,
அணியத்திலிருந்து அமரத்துக்குப் பிடிக்கிற அதே நூல்,
முன்பம்பர் நடுவிலிருந்து பின்பம்பர் நடுவுக்கு.

மரம் சரி.
வண்டிதான் கோணல்.
இடது பின்மூலை உள்ளே போயிருந்தது,
கூட்டத்தில் ஒருவன்
தோளைக் குறுக்கிக்கொண்ட மாதிரி.

"எங்கே இடித்தது காக்கா?"
"இடிக்கவேயில்லை.
வாப்பா கொழும்பிலிருந்து இறக்கின நாளிலிருந்து
ஒரு கீறல் கிடையாது.
எழுபத்தொன்பதில் ஒருதரம்
டிரைவர் பூவலிங்கம் குடித்துவிட்டு எங்கேயோ உரசினான்.
அன்றைக்கே அவனை நிறுத்தியாச்சு."

உரசினால் இவ்வளவு உள்ளே போகாது என்றேன்.
இது பின்னால் எடுத்தபோது பட்டது.
மெதுவாக. கல்தூணில்.

தேத்தண்ணி கொண்டுவந்த ராவியத்து லாத்தா
தட்டை பானட்டின் மேல் வைத்தார்.
"வாலிநோக்கம் உப்பளத்து மதகு" என்றார்.
"ரிவர்ஸ் போட்டது நான்.
பூவலிங்கம் பக்கத்தில் உட்கார்ந்து
மெல்லம்மா, மெல்ல, மெல்ல என்றான்.
அவன் சாயாகூடக் குடிக்கமாட்டான்."

மருமகன் போனைப் பார்த்தான்.
காக்கா
தேத்தண்ணியில் விழுந்த எறும்பை
விரலால் எடுக்கப் பார்த்தார்,
அது வழுக்கி வழுக்கிப் போனது.
நாற்பத்து நாலு வருசம் என்று யாரோ சொன்னோம்.
நான்தான் சொன்னேனோ என்னவோ.

"தகரத்தை இழுத்து நிமிர்த்தலாமா?"
வெகுநேரம் கழித்துக் கேட்டார்.
ராமநாதபுரத்தில் ஒரு டிங்கர் இருக்கிறான்,
ஜாக்கி வைத்துத் தள்ளினால் வரும் என்றேன்.
"வேண்டாம்" என்றார் லாத்தா.
"இருக்கிறபடிக்கு மரம் வை."

இரண்டாவது மரம் அறுத்தேன்.
இந்தமுறை வலப்பக்கத்தைக் கேட்கவில்லை.
அட்டையை அந்த நெளிவின்மேலேயே வைத்து,
குனிந்து, தகரம் போகிற போக்கில் போனேன்.
பசை, ஆணி, மூன்று கை வார்னிஷ்.
பின்கதவை அடைத்தால்
நல்ல கனமான ஒரு சத்தம்.

கூலிச்சீட்டில் சட்டம் இரண்டு என்று எழுதினேன்.
காக்கா அந்த எண்ணைப் பார்த்தார்.
வண்டியில் ஒன்றுதானே இருக்கிறது என்று
அவர் கேட்கலாம்.
கேட்கவில்லை. இரண்டுக்கும் எண்ணி வைத்தார்.

முதல் சட்டம் என் கொட்டகையில் சாத்தியிருக்கிறது.
ஒரு குற்றமும் இல்லை அதில்.
எந்த வண்டிக்கும் பொருந்தாது.

போகும்போது லாத்தா கேட்டார்,
பூவலிங்கம் ஊர் எது, உனக்குத் தெரியுமா?
முதுகுளத்தூர் பக்கம் என்று நினைக்கிறேன் என்றேன்.
வண்டி அவ்வளவு தூரம் ஓடுமா?

ஓடும் என்றேன்.
ரிவர்ஸ் மட்டும் பார்த்து.